அனுமந்தைக்கு நேர் கிழக்கே

ஏழாம் வகுப்பில் எரிமலைப் பாடத்தை நடத்தப் புகும் நம் ஆசிரியர்களுள் பலர், இணையத்தைத் திறந்தவுடன் ஹவாய்த் தீவின் செங்குழம்பையும் இத்தாலியின் வெசூவியஸையும் திரையில் ஓடவிட்டு, பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்ததையே பாடம் பதிந்ததற்கு அத்தாட்சியாகக் கொண்டு திருப்தியடைந்து விடுகின்றனர். வியப்பே கூடாதென்பது நம் அபிப்பிராயமன்று. எரிமலை என்பது ஏதோ வேற்று தேசத்து விசித்திரம் என்ற பிரமையில் அந்த வியப்பு முடிந்துவிடலாகாது என்பதே.

மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளங்களும் கடலும் சூழ்ந்த அனுமந்தையில் வளரும் ஒரு பிள்ளை, கூகுள் எர்த்தில் தன் ஊரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அட்சரேகையை ஒட்டியே விரலைக் கிழக்கு நோக்கி நகர்த்திச் செல்லுமாயின், வங்காள விரிகுடாவையும் அந்தமான் தீவுக்கூட்டத்தையும் கடந்து, ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில், இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலையாகிய பாரன் தீவின் அருகிலேயே போய் நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீட்டரே தலைகாட்டும் அத்தீவில், சுற்றிலும் எழுந்த பழைய எரிமலைவாயின் மதிலும், மேற்கே அது உடைந்து திறந்த இடமும், அவ்வழியே கடல்வரை வழிந்து உறைந்த கரிய குழம்புத் தடமும் செயற்கைக்கோள் படத்தில் பிரத்தியட்சமாகத் தெரியும். அதன் பிறகு, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உலக எரிமலைப் பதிவேட்டில் இதே தீவின் பக்கத்தைத் திறந்து, ஆண்டுகளைப் பிள்ளைகளையே வாசிக்கச் செய்யலாம்: 1787இல் வெடித்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கியது, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஓய்ந்திருந்து 1991இல் மீண்டும் எழுந்தது. 1990இல் இவ்வகுப்பு நடந்திருந்தால் இதனைச் செயல்படும் எரிமலை என்றிருப்போமா, உறங்கும் எரிமலை என்றிருப்போமா என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் சிறிது நேரம் மௌனமாயிருப்பது உத்தமம்.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியதையும், 2005 மே மாதத்தில் பாரன் தீவு மீண்டும் வெடித்ததையும் அடுத்தடுத்துக் காணும் பிள்ளை, முன்னதே பின்னதற்குக் காரணமா என்று கேட்கத்தான் செய்யும். இந்தியத் தட்டு கிழக்கே அமிழும் ஒரே எல்லையைச் சார்ந்தவை இரண்டும் என்று காட்டலாம். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்ததாலேயே காரணகாரிய சம்பந்தம் நிரூபணமாகிவிடாது என்பதையும் அவ்விடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆப்பசோடாவில் வினிகரை ஊற்றிப் பொங்கவைக்கும் மாதிரியை நாம் அவ்வளவாக விரும்புவதில்லை. பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் வாயுக்கள், குழம்பு மேலேற அழுத்தம் குறைந்து விடுபடுவதே வெடிப்புக்கு ஹேது. இரு பொருள்கள் கலந்து உண்டாகும் இரசாயன மாற்றமன்று. இதைவிட, மெல்ல வற்றும் உப்புப்பாத்தியில் கல் பெரிதாக விளைவதை அறிந்த அனுமந்தைப் பிள்ளைக்கு, பூமியின் ஆழத்தில் மெல்லக் குளிர்ந்த செஞ்சிக் கருங்கல்லில் மணிகள் பெரிதாயிருப்பதும், வெளியே வழிந்து விரைவில் குளிர்ந்த தக்காணத்து எரிமலைப்பாறையில் அவை கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியவாயிருப்பதும் எளிதில் விளங்கும். இதற்கு இணையமும் வேண்டியதில்லை.

பள்ளிக்கூட இணைப்பு அறுந்துபோவது சகஜமாதலால், படங்களை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்க. அயல்மொழிப் பக்கங்களின் சாரத்தைத் தமிழில் அரைப்பக்கமாக எழுதி வகுப்பில் ஒட்டுக. அவ்வாறு எழுதியவற்றை நமக்கும் அனுப்புவீர்களாயின், பிற ஆசிரியர்களும் எடுத்தாளும்படி இவ்விதழில் வெளியிடுவோம்.