துணைமாந்தர் எச்சம் அல்லர்

காப்பியம் பயில்வோர் தலைமை மாந்தர், துணைமாந்தர் என வகுத்துக் காண்பது நம் வகுப்பறைகளில் நெடுநாளைய வழக்கம். 'துணைமாந்தரின் பங்கினை ஆராய்க' என்னும் வினாவுக்கு நம் மாணவர் நான்கு பக்கம் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுவர். ஆயின் தேர்வு முடிந்து வெளியே வந்தபின் அவ்வினாவைத் தம் வாழ்வோடு பொருத்திப் பார்ப்போர் மிகச் சிலரே. அண்மையில் நம் மாணவர் ஆடும் கணினி விளையாட்டு ஒன்று அவ்வினாவை நம்முன் மீண்டும் கொணர்ந்து வைத்தது. விளையாட்டைப் பற்றித் துறை மலரில் எழுதுவதோ என்று முகம் சுளிக்கும் பெரியோர் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம்.

அரும்பாவூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர் ஒருவர். மரச்சிற்பத் தொழில் செய்யும் குடும்பத்தினர். அதிர்ந்து பேசாதவர். ஒருநாள் மாலை முகம் வாடி நூலகத்தில் அமர்ந்திருந்தார். வினவியபோது, முந்தைய இரவு நண்பர் ஐவர் சேர்ந்து ஆடிய ஆட்டத்தில் தோற்றதாகவும், தோல்விக்கு அவரே காரணம் என்று மற்ற நால்வரும் சொல்லிவிட்டதாகவும் கூறினார். "நீ எடுத்துக்கொண்ட பாத்திரம் என்ன?" என்றோம். "நான் எங்கே ஐயா எடுத்தேன்? நால்வரும் எடுத்தது போக மிஞ்சியதை என்னிடம் தந்தார்கள். அதன் பெயர் சப்போர்ட்" என்றார். அந்த 'மிஞ்சியது' என்னும் சொல் நம் நெஞ்சில் தைத்தது. இக்கட்டுரை அச்சொல்லிலிருந்தே பிறந்தது.

அவ்விளையாட்டின் பெயர் டோட்டா 2. 2013ஆம் ஆண்டு முழு வடிவில் வெளிவந்தது. ஐவர் ஓரணி, எதிரே ஐவர். நூற்றுக்கு மேற்பட்ட வீரப் பாத்திரங்களுள் ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்துகொண்டு எதிரியின் கோட்டையைத் தகர்க்க வேண்டும். களத்தில் சிற்றுருப் படைகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றுள் ஒன்றை வீழ்த்தும் இறுதி அடியை யார் கொடுக்கிறாரோ அவருக்கே அதற்குரிய பொன் சேரும். பொன் சேர்ந்தால் படைக்கலம் பெருகும். படைக்கலம் பெருகினால் வலிமை பெருகும். இங்கேதான் துணைமாந்தரின் முதல் அறம் தொடங்குகிறது. கைக்கெட்டிய தொலைவில் பொன் இருந்தும் அதனைத் தாம் தொடாமல், பின்னாளில் அணியைச் சுமக்கவேண்டிய முதன்மை வீரருக்கு விட்டுக்கொடுத்து நிற்பவரே துணைமாந்தர். வறியவராக இருந்து பிறரைச் செல்வராக்குவது அவர் பணி.

அவர் பணி அத்துடன் முடிவதில்லை. களத்தின் பெரும்பகுதி இருளில் மூழ்கிக் கிடக்கும். எதிரி எங்கே பதுங்கியுள்ளான் என்பதை அறியக் காவற்கண் போன்ற ஒரு கருவியை ஆங்காங்கே நட்டு வைக்க வேண்டும். ஆறு நிமிடம் நின்று ஒளி தரும் அக்கண்ணை எங்கே, எப்பொழுது நடுவது என்பதில் ஆட்டமே அடங்கியிருக்கும். அதனை நடத் தனியே இருளுக்குள் செல்பவரும் பெரும்பாலும் துணைமாந்தரே. எதிரியிடம் அகப்பட்டு முதலில் மடிபவரும் அவரே. டாசில் என்னும் பாத்திரம் சாகும் தறுவாயில் உள்ள தோழரைச் சில நொடிகள் சாகாமல் தடுத்து நிறுத்தும். அந்தச் சில நொடிகளை அரை நொடி முந்திச் செலவிட்டாலும் வீண். அரை நொடி பிந்தினாலும் வீண். கிரிஸ்டல் மெய்டன் என்னும் பாத்திரம் மெல்ல நடப்பது. ஆயின் அது களத்தில் இருக்கும் வரை தோழர் அனைவரின் மந்திர ஆற்றலும் ஊறிக்கொண்டே இருக்கும்.

எனவே, துணைப் பாத்திரத்தைத் தேர்வது எஞ்சியதை எடுத்துக்கொள்வது ஆகாது. தேர்பவர் மூன்றினை ஆராய வேண்டும். நம் முதன்மை வீரரிடம் உள்ள குறை யாது என்பது ஒன்று. அவர் உடல் நொய்மையானவராயின் காப்பவர் வேண்டும். எதிரியை எட்டிப் பிடிக்க இயலாதவராயின் எதிரியைத் தடுத்து நிறுத்துபவர் வேண்டும். எதிரணியின் எந்த ஆற்றல் நம்மை அழிக்கும் என்பது இரண்டு. தம் இயல்பு யாது என்பது மூன்று. பொறுத்திருந்து காப்பவரும் உளர், முந்திப் பாய்ந்து போரைத் தொடங்கி வைப்பவரும் உளர். தேர்ந்த அணிகள் பலபோது துணைமாந்தரையே முதலில் எடுத்து, முதன்மை வீரரை எதிரி அறியாவண்ணம் இறுதிவரை மறைத்து வைக்கும். நம் மாணவர்தம் அணியிலோ நிலைமை தலைகீழ். 'எனக்கு முதன்மை வீரர்' என்று முந்துவோர் நால்வர்; வாய் திறவாதவர் ஒருவர்; அவர் தலையில் துணைப் பாத்திரம்.

இதனை எண்ணியபோது நம் நினைவுக்கு வந்தவள் சங்க அகப்பாடல்களின் தோழி. தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்று வரையறுக்கும். தலைவனும் தலைவியுமே காதலர். ஆயினும் அகப்பாடல்களுள் மிகப் பலவற்றைப் பேசுபவள் தோழி. பகற்குறியும் இரவுக்குறியும் அவள் அமைப்பவை. இரவில் தலைவன் வரும் வழியின் ஏதத்தை எடுத்துரைப்பவள் அவள். காவற்கண்ணை நடுவார்போல், யார் விழித்திருக்கிறார், எவ்வழி அடைபட்டது என்பதையெல்லாம் அறிந்திருப்பவளும் அவளே. களவு நீளும்போது வரைவு கடாவுகிறாள். உண்மையைச் சொல்லியே ஆகவேண்டிய நேரம் வரும்போது செவிலியிடம் அறத்தொடு நிற்கிறாள். அதனை முன்னும் சொல்லாள், பின்னும் சொல்லாள். பரத்தையிற் பிரிந்த தலைவன் மீண்டு வரும்போது வாயில் மறுத்து இடித்துரைக்கவும் அவள் அஞ்சுவதில்லை. துணை நிற்றல் என்பது தலையாட்டுதல் அன்று என்பதற்கு இவளினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

உலகக் களங்களும் இதனையே மெய்ப்பிக்கின்றன. டோட்டா 2 விளையாட்டின் உலகப் பெருந்தொடரை 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து வென்றது ஓஜி என்னும் அணி. அதுவரை எந்த அணியும் அத்தொடரை இருமுறை வென்றதில்லை. 2018இல் தொடருக்குச் சில திங்கள் முன்னர் வீரர் இருவர் விலகிச் செல்ல, எஞ்சியோரும் புதியோருமாகக் கூடி, திறந்தநிலைத் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து வென்ற அணி அது. அதன் தலைவர் டென்மார்க் நாட்டு யோஹான் சன்ஸ்டைன். அவர் ஆடியதோ பொன் மிகக் குறைவாகக் கிடைக்கும் ஐந்தாம் இடம், அதாவது முழுத் துணைமாந்தர் இடம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்னும் மற்றொரு விளையாட்டின் 2014ஆம் ஆண்டு உலகப் போட்டி சியோலில் நிறைவுற்றபோது, சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர் 'மாட்டா' என அழைக்கப்பெறும் கொரிய வீரர். அவரும் துணைமாந்தரே. நம் நாட்டு டோட்டா 2 அணி 2022இல் பர்மிங்காமில் நடந்த காமன்வெல்த் மின்விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்றதையும் இங்கே மகிழ்ச்சியுடன் குறிக்கலாம்.

கணினி அறியாப் பெரியோர்க்குச் சடுகுடுவைச் சான்று காட்டுவோம். நம் ஊர்ப்புறக் களங்களில் பாடிச் செல்பவருக்கே ஆரவாரம். மூலையில் குனிந்து நின்று கணுக்காலைப் பற்றுபவரையும், பற்றியதும் பாய்ந்து வளைத்து எதிரியைக் கோடு தொடாமல் தடுப்பவரையும் எத்தனை பேர் நினைவில் வைக்கின்றனர்? ஆயின் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் மூலையில் நின்று காக்கும் ஆட்டக்காரர். 2016இல் புரோ கபடியின் நான்காம் பருவத்தில் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்றுக் கோப்பையை வென்று தந்தவர் அவரே.

இம்மட்டோடு நிறுத்தினால் இக்கட்டுரை இனிய அறவுரையாக முடிந்துவிடும். 'துணை நிற்பது பெருமை. ஆதலால் வருந்தாதே தம்பி' என்று அம்மாணவரின் முதுகைத் தட்டி அனுப்பியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், அன்று நாம் செய்ததும் அதுவே. அவர் தலையசைத்துச் சென்றுவிட்டார். அவர் சென்றபின்னரே நாம் செய்த பிழை நமக்கு விளங்கியது. அவர் கேட்டது துணை நிற்பது உயர்வா தாழ்வா என்பதன்று. அதனைத் தேர்ந்தவர் யார் என்பதே அவர் கேள்வி. சன்ஸ்டைன் தம் இடத்தைத் தாமே விரும்பி ஏற்றவர். நம் மாணவர் ஏற்றது பிறர் விட்டுச் சென்ற இடம். இரண்டு செயலும் பார்வைக்கு ஒன்றே. ஒன்று ஈகை, மற்றொன்று பறிகொடுத்தல்.

தோழியிடமும் இதே கேள்வியை நாம் கேட்கவேண்டியிருக்கிறது. இலக்கியம் அவளுக்குச் சொல் வன்மையைத் தந்தது. தலைவனையே கடிந்துகொள்ளும் உரிமையைத் தந்தது. ஆயின் அவளுக்கென்று ஒரு காதல் உண்டா, அவளுக்காக வழி பார்த்து நின்றவர் யார் என்று பாடல்கள் கூறவில்லை. செவிலிக்கு மகளாய்ப் பிறந்தமையால் தோழியானாள். அவள் தேர்ந்த இடம் அன்று அது. அவளுக்கு வாய்த்த இடம். இருபது ஆண்டுகளாய் அகப்பாடல் நடத்தி வரும் நமக்கு இக்கேள்வி ஒரு விளையாட்டின் வழியே வந்து சேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்வதில் நாணமில்லை.

நம் இல்லங்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தம்பியின் கல்லூரிக் கட்டணத்திற்காகப் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தமக்கையர் எத்தனை பேர்! அத்தமக்கையின் தியாகத்தை மேடைதோறும் புகழ்கிறோம். அவளைக் கேட்டோமா என்று எண்ணுவதில்லை. வளைகுடா நாட்டில் வெயிலில் நின்று தங்கைமாரைக் கரையேற்றிய அண்ணன்மாரும் அவ்வாறே. நம் துறை விழாக்களிலும் நாற்காலி அடுக்குபவர், ஒலிபெருக்கிக்கு ஆள் தேடுபவர், பந்தியில் கடைசியாக உண்பவர் ஆண்டுதோறும் அதே மாணவர்தாம். மேடையில் பேசுபவரும் ஆண்டுதோறும் அதே மாணவர்தாம். தொண்டு உயர்ந்தது என்று கற்பிக்கும் நாம், அவ்வுயர்ந்த பணிக்கு எப்பொழுதும் வாய் திறவாதவரையே தேடுகிறோம். உயர்ந்ததாயின் முந்திக்கொள்ள வேண்டியவர் நாமல்லவா?

பெரியோர் சிலர்க்கு மற்றோர் ஐயம் எழலாம். இவ்விளையாட்டுகள் இளைஞரின் இரவுறக்கத்தையும் பொருளையும் கெடுப்பன அல்லவோ என்பர். அளவு மீறினால் கெடுப்பனவே, அதனை மறுக்கவில்லை. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து, மின்விளையாட்டை அவற்றினின்றும் வேறாகப் பிரித்து ஏற்றது 2025இல் நடுவணரசு இயற்றிய சட்டம். அந்த வேறுபாட்டை நாமும் மனத்திற்கொள்வது நன்று. நேரத்திற்கு எல்லை வகுப்போம். அதேபொழுது, ஐவர் கூடி ஆடுமிடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதையும் கவனிப்போம். களத்தில் பழகுவதே இல்லத்திலும் அலுவலகத்திலும் தொடரும்.

மாணவர்க்கு நாம் சொல்ல விழைவன சிலவே. துணைப் பாத்திரத்தை முறைவைத்து ஏற்றுக்கொள்க; இன்று ஒருவர், நாளை மற்றொருவர். ஒருவர் அதிலேயே தேர்ச்சி பெற்று, அதனையே விரும்புவாராயின் எஞ்சியவராக அன்றி முதல்வராக அவரைத் தேர விடுக. ஆட்டம் முடிந்ததும் வீழ்த்தியோர் எண்ணிக்கையை மட்டும் நோக்காமல், காவற்கண் நட்டவர் யார், இறுதி நொடியில் காத்தவர் யார் என்று வாய்விட்டுச் சொல்க. தோற்றால் ஐவரும் தோற்றீர். துணை நிற்பவரும் தோழியைப்போல் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். வழியில் ஏதம் உண்டெனின் உண்டென்று உரக்கச் சொல்லவேண்டும். கேளாமற் செல்பவரைத் தடுக்கவும் வேண்டும்.

அம்மாணவரைச் சில நாள் கழித்து அழைத்து, நாம் முன்பு கூறியது போதாது என்று சொன்னோம். அவர் தம் ஊர்த் தொழிலைப் பற்றிப் பேசினார். அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. "எங்கள் பட்டறையில் மரத்தில் முதலில் பருமனாக உரு வெட்டுபவர் ஒருவர், பின்பு முகம் செதுக்குபவர் ஒருவர் ஐயா. வாங்க வருபவர் முகத்தைத்தான் பார்ப்பார். ஆனால் முதல் வெட்டில் பிழை நேர்ந்தால் முகத்தை எவராலும் திருத்த முடியாது. என் தந்தை இரண்டும் செய்வார். எதை இன்று செய்வது என்று காலையில் அவரே சொல்வார்" என்றார்.

அந்தக் கடைசித் தொடரில்தான் நாம் தேடிய விடை இருந்தது. முகம் செதுக்குவதும் முதல் உரு வெட்டுவதும் ஒரே மரத்தில் நிகழும் இரு பணிகள், இரண்டும் உயர்ந்தவையே. எதனைச் செய்வது என்பதைச் செய்பவரே சொல்லும் நாள் நம் விளையாட்டுக் களத்திலும் இல்லத்திலும் கல்லூரியிலும் வருமாயின், அன்று துணைமாந்தர் எவரும் எச்சமாக இரார். அதற்கான தொடக்கத்தை இவ்வாண்டு நம் துறை விழாவிலிருந்தே செய்வோம். நாற்காலி அடுக்கும் பணிக்கு முதற்பெயராக நம் பெயரை எழுதிக்கொள்க.