தளம் வார்த்தபின் பத்து நாட்கள்

விழா மலரிலே சீமெந்தைப் பற்றி எழுதப் புகுந்த தமிழாசிரியரைக் கண்டு பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். எனினும், கல்லூரிகளுக்கு மண்டபமும் மாடியும் வேண்டுமென அன்பர்கள் பொருள் திரட்டும் இக்காலத்தில், அப்பொருள் எத்தனை ஆண்டு நிலைக்கும் என எண்ணிப் பார்த்தல் எம் கடனேயாம்.

பதுளைக்குப் புகைவண்டியில் வருவோர் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடப்பர். 1921ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற அப்பாலம் நூறாண்டுக்கு மேலாக மழையையும் மூடுபனியையும் தாங்கி நிற்கின்றது. அதனைக் காட்டி, "அக்காலச் சீமெந்து இக்காலத்தில் ஏது?" என்று பெருமூச்செறிவார் பலர். நாம் அதற்கு உடன்படோம். அவ்வளைவுகளில் இரும்புக் கம்பி இல்லை; துருப்பிடிக்க அங்கே யாதுமில்லை. நாம் இன்று வார்க்கும் தட்டையான தளமோ கம்பியின்றி நில்லாது. பாரத்தினால் தளத்தின் அடிப்பாகம் இழுபடுகின்றது; அவ்விழுவையைத் தாங்கும் வலி கொங்கிறீற்றுக்கு மிகக் குறைவாதலின் கம்பியே அதனைத் தாங்குகின்றது. ஆகவே கம்பியின் ஆயுளே கட்டிடத்தின் ஆயுள்.

நல்ல கொங்கிறீற்றின் காரத்தன்மை கம்பியைத் துருவினின்றும் காக்கும். நுண்துளைகள் மிகுந்தாற் காற்றும் ஈரமும் உட்புகுந்து அக்காரத்தைக் கெடுக்கும். துருவோ இரும்பினும் இரு மடங்குக்கு மேற்பட்ட இடத்தைக் கொள்வது. அது பெருகுங்கால் கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். இத்தாலி நாட்டின் ஜெனோவா நகரிலே 1967இல் திறக்கப்பெற்ற பெரும்பாலம் 2018 ஆகஸ்ட் 14இல் இடிந்து 43 உயிர்களைக் கொண்டது. அங்கும் கொங்கிறீற்றினுள் மறைந்திருந்த உருக்கே அரிக்கப்பட்டிருந்தது.

இனி எம் வீட்டுக் கதைக்கு வருவோம். எம் உறவினர் ஒருவர், தம் தாயார் கொழுந்து பறித்து ஈட்டிய சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டு ஒரு மாடி வீடு கட்டினார். லயன் அறையில் வாழ்ந்த குடும்பத்துக்கு அதுவே முதற் சொந்த வீடு. ஒன்பதாம் ஆண்டிலே தளத்தின் அடிப்பாகம் பெயர்ந்து, அம்மையார் உறங்கும் பாயருகே வீழ்ந்தது. அண்ணாந்து பார்த்தோம். கம்பி பலகைமேற் கிடந்தவாறே வார்க்கப்பட்டிருந்தது. அதன்கீழ் விரற்கடை அளவு கொங்கிறீற்றும் இல்லை. சிறு சீமெந்துக் கட்டைகளைக் கம்பிக்குக் கீழே வைத்திருந்தால் இது நேர்ந்திராது. அவற்றின் விலை ஒரு மூட்டைச் சீமெந்தின் விலைக்கும் வாராது. மேசனை மட்டும் பழித்துப் பயனில்லை. தளம் வார்த்த அன்று நாமும் அங்கேயே நின்றோம், தேநீர் பரிமாறிக்கொண்டிருந்தோம்!

மற்றொரு பிழை நீரிலே உண்டாவது. 50 கிலோகிராம் மூட்டைக்கு ஏறக்குறைய 25 லீற்றர் நீர் போதியது. மழையில் நனைந்த மணலிலே அதில் ஒரு பங்கு முன்னரே இருக்கும். கலவை எளிதாக ஓடவேண்டி மேலும் இரண்டு வாளி ஊற்றுவர். மிகுந்த நீர் ஆவியாகிப் போன வழியெல்லாம் துளையாகும். வார்க்கும்போது மிகையாக ஊற்றியவர்களே, வார்த்தபின் ஊற்ற வேண்டிய நீரை மறந்துவிடுகின்றனர். "பதுளைப் பனியே போதும்" என்பர். போதாது. தென்மேற்குப் பருவக்காற்று மலை கடந்து, வறண்ட காற்றாய் ஊவாவில் இறங்கும் மாதங்களில் புதிய தளம் ஒரு பகலிலேயே வெடித்துவிடும். ஏழு நாட்களேனும், கூடுமாயின் பத்து நாட்கள், அது ஈரமாக இருத்தல் வேண்டும்.

பொருள் உதவியோர் பெயர்களைக் கல்லிற் பொறிக்கின்றோம், பொறிக்கட்டும். பழைய மாணவருள்ளே பொறியியலாளர் பலர் உளர். அவர்களிடம் நாம் வேண்டுவது பணமன்று. தளம் வார்க்கும் நாளிலே ஒருவர் காலைமுதல் மாலைவரை கலவையின் அருகே நின்று வாளிகளை எண்ணுக. வார்ப்பதற்கு முன் பலகைக்கும் கம்பிக்கும் இடையே விரலை நுழைத்துப் பார்க்குக. பின்வரும் பத்து நாட்களுக்குச் சாக்குகளை நனைக்கும் பணியை எம் வகுப்பு மாணவரிடம் விடுக. முறைவைத்துச் செய்விக்க நாம் ஆயத்தமாய் உள்ளோம்.