பெயர் தவறிய பொன்முகம்

கிரேக்க தேசத்தின் தென்பாகத்திலே, ஆர்கோலிஸ் என்னும் மாவட்டத்தில், தோலோ என்றொரு கடற்கரைக் கிராமம் உண்டு. மீன்பிடியால் வாழ்ந்த ஊர்; இன்று கரை நெடுகிலும் விடுதிகளும் உணவுச்சாலைகளும் நெருங்கி நிற்கின்றன. குளிப்பதற்கென்றே அங்கு வருவோர் அதிகம். நாமோ கடலோரத்திற் பிறந்து வளர்ந்தவர்கள். கடலுக்காக இத்துணை தூரம் போகவேண்டியதில்லை. காலையிற் புறப்பட்டு மாலையில் மீளக்கூடிய தூரத்திலே பழம்பெரும் ஸ்தலங்கள் பல இருப்பதே எம்மையும் இல்லாளையும் அங்கே இழுத்தது.

முதல்நாள் நாப்பிளியோ நகருக்குப் போனோம். 12 கிலோமீற்றர் அளவில் இருக்கும். மற்றை இடங்களுக்குப் போகும் பஸ் வண்டிகளையும் இந்நகரிலேதான் மாறி ஏறவேண்டும். சுதந்திர கிரேக்கத்தின் முதல் தலைநகராய் 1834 வரை விளங்கிய ஊர் இது. நாட்டின் முதல் ஆளுநரான கபோதிஸ்திரியாஸ் 1831இல் இங்குள்ள தேவாலய வாயிலிலே கொலையுண்டார். மேலே மலையுச்சியிற் பலமிதி என்னும் வெனிசியர் கோட்டை. அதற்கு 999 படிகள் என்கிறார்கள். ஆயிரமாவது படியைக் கொலொகொத்ரோனிஸ் என்ற தளபதியின் குதிரை உடைத்துவிட்டதாம்! எண்ணிக்கொண்டே ஏறினோம், பாதிவழியில் மூச்சும் போயிற்று, எண்ணும் போயிற்று. முழுதும் எண்ணியவர்கள் கூறும் தொகையோ 999க்கு நன்றாகக் குறைந்தே இருக்கின்றது. கதைக்கு எண் வேண்டும், எண்ணுக்குக் குதிரை வேண்டும் போலும்.

மறுநாள் மைசீனி. இதனைச் சற்று விரிவாகவே கூறல் வேண்டும். எமது பிழையொன்றும் இதிற் கலந்திருக்கின்றது. கி.மு. 1250 அளவிற் கட்டிய சிங்க வாயிலினூடே நுழைந்ததும், வலப்பக்கத்திலே வட்டமாகக் கல் நாட்டிய புதைகுழிகள் தெரியும். 1876இல் ஹென்றிக் ஷ்லீமன் என்னும் ஜெர்மானியர் இங்கே அகழ்ந்தபோது, இறந்தோரின் முகங்களை மூடியிருந்த பொற்றகடுகள் வெளிப்பட்டன. ஹோமரின் காவியத்தைச் சரித்திரமென்றே கொண்டவர் அவர். துரோய் நகர்மேற் படைகொண்டு சென்ற அகமெம்னன் மன்னனையே கண்டுவிட்டதாக நம்பினார். அம்முகமூடிகளுள் ஒன்று இன்றுவரை அம்மன்னன் பெயராலேயே வழங்குகின்றது. அசல் ஏதென்ஸ் நகரத்துத் தேசிய நூதனசாலையில் இருக்கின்றது.

ஆனால் அப்பொன்முகம் கி.மு. 16ஆம் நூற்றாண்டுக்கு உரியது. துரோய் யுத்தம் மெய்யாகவே நடந்ததெனக் கொள்ளினும், அது 300 ஆண்டுகளாவது பிற்பட்டதாகும். அகமெம்னன் என்றொருவன் இருந்திருந்தால், இவன் அவனுக்குப் பாட்டனுக்கும் பாட்டனாக இருக்கலாம். இதனை அங்கே ஸ்தலத்திற் படித்தபோது எமக்கு முகம் சிவந்தது. வகுப்பிலே 20 ஆண்டுகளாக இப்படத்தை உயர்த்திப் பிடித்து, "அகமெம்னனைப் பாருங்கள், பிள்ளைகளே!" என்று நாம் கூறி வந்திருக்கின்றோம். அப்பிள்ளைகளுட் சிலர் இன்று தாமே ஆசிரியர்கள். யாருடைய வகுப்பில் அவ்வசனம் இன்னும் உலாவுகின்றதோ!

கோட்டைக்கு அண்மையில் "அத்திரேயுசின் திறைசேரி" என ஒன்றைக் காட்டுவார்கள். அது திறைசேரியன்று, தேன்கூடுபோற் குவித்துக் கட்டிய கல்லறை. அத்திரேயுஸ் மன்னனுக்கு உரியதென்பதற்கும் சான்றில்லை. இருந்தும் அதன் வாயிலின் மேலே கிடக்கும் உட்கல்லின் பாரம் ஏறத்தாழ 120 தொன். அதனைத் தூக்கி வைத்தவர்களின் பெயரை எவரும் கேட்பதில்லை. இங்கே நிழல் அருமை; காலையிலேயே போய்விடுவது நன்று.

மூன்றாம் நாள் எப்பிடோரஸ். அங்குள்ள அரங்கை உலகமே அறியும். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கட்டத் தொடங்கியது. கீழே 34, மேலே 21 ஆக 55 வரிசைகள். ஆயினும் அவ்விடம் முதலில் ஒரு வைத்திய ஸ்தலம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நோயாளர் அஸ்கிளேப்பியஸ் என்னும் தெய்வத்தின் மண்டபத்திலே இரவு உறங்குவர். தெய்வம் கனவிலே தோன்றிப் பிணி தீர்க்கும் என்பது நம்பிக்கை. குணமடைந்தோர் வரலாறுகளைக் கல்லிற் பொறித்து வைத்திருக்கிறார்கள். நோயாளருக்கு நாடகமும் வேண்டும் என்று நினைத்த அவ்வறிவை வியந்தோம்.

அரங்கின் நடுவில் மெல்லப் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று வழிகாட்டி கூறினார். இல்லாள் உச்சி வரிசைக்கு ஏறினார். நாம் நடுவில் நின்று அவர் பெயரை முணுமுணுத்தோம். பதிலில்லை. சிறிது பொறுத்து மேலிருந்து ஒரு குரல் வந்தது:

"இஞ்சருங்கோ, ஒண்டும் கேக்கேல்லை! தொடங்கிவிட்டீங்களோ?"

அதுமட்டும் அரங்கம் முழுதும் தெளிவாகக் கேட்டது. பின்பு அறிந்தோம்: 2017இல் நெதர்லாந்து நாட்டு ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார் கருவிகொண்டு அளந்து, உரத்துப் பேசுங் குரல் உச்சிவரை போகும், முணுமுணுப்புப் போகாது என்று கண்டிருக்கிறார்கள். இல்லாளின் ஆராய்ச்சிக்குக் கருவியும் தேவைப்படவில்லை.

கடைசி நாள் பஸ்ஸுக்கு அலுத்துப்போய்க் கால்நடையாகவே புறப்பட்டோம். தோலோவுக்குப் பக்கத்திலேயே கடலுக்குள் நீண்ட ஒரு குன்று. அதுதான் பழைய அசினி. ஹோமர் தமது இலியட்டில் கப்பல்களை வரிசைப்படுத்துமிடத்தில் இவ்வூரை ஒரே சொல்லாற் கூறிப் போய்விடுகின்றார். சுவீடன் நாட்டவர் 1922 முதல் இங்கு அகழ்ந்தனர். பின்னர் அந்நாட்டின் அரசரான குஸ்தாவ் அடோல்பும் அப்போது இளவரசராய் உடனிருந்து தோண்டினார். பின்னாளில், 1963இல், நோபல் பரிசு பெற்ற கவிஞர் செபெரிஸ் அசினியின் மன்னனைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அம்மன்னனைப் பற்றித் தெரிந்தது அந்த ஊர்ப்பெயர் ஒன்றே.

இடிந்த மதிலில் உட்கார்ந்தோம். வழிகாட்டி இல்லை, கூட்டமும் இல்லை. கீழே நாலைந்து பிள்ளைகள் கடலிற் குதித்துக் கொண்டிருந்தனர்.

"இந்த அரசனுக்கு என்ன பேர்?" என்று இல்லாள் கேட்டார்.

"தெரியாது" என்றோம். 20 ஆண்டுகளுக்குப் பிறகு அச்சொல்லைத் தயங்காமற் சொன்னோம். வெயில் தணியும்வரை அங்கேயே இருந்துவிட்டு, கரையோரமாய் நடந்து விடுதிக்குத் திரும்பினோம்.