அப்பா வீட்டு மோட்டாருக்கு எந்தச் சில்லு?

வீட்டு ஆட்டோமேஷன் என்று பேச்செடுத்தால் போதும், புனேயில் இருக்கிற நம்ம ஆட்கள் அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "ஈஎஸ்பி 32 வாங்கிப் போடுங்க பாஸ். 500 ரூபாய் சுமாருக்கு வருது, வைஃபை இருக்கு, புளூடூத் இருக்கு, ரெண்டு கோர் இருக்கு." எதற்கு வாங்குகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே பால்கனி விளக்குக்கும் அதுதான், ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்கும் வீட்டின் போர்வெல் மோட்டாருக்கும் அதுதான். பால்கனி விளக்கைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. மோட்டாரைப் பற்றித்தான் இந்தப் புலம்பல்.

(மைக்ரோகன்ட்ரோலரை 'நுண்கட்டுப்படுத்தி' என்று எழுத எனக்கும் ஆசைதான். படித்துப் புரிய எனக்கே ரெண்டு நிமிஷம் ஆகிறது. சில்லு என்றே வைத்துக்கொள்வோம்.)

என் கட்சி இதுதான். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்குச் சில்லு வாங்கும்போது, அது என்னவெல்லாம் செய்யும் என்று பார்க்காதீர்கள். அது படுத்துவிட்டால் அந்த வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் மோட்டாருக்கு நான் வாங்குவது ஏடிமெகா 328பி. ஆமாம், 2010-இல் வந்த ஆர்டுயினோ யுனோவில் உட்கார்ந்திருக்கும் அதே பழைய எட்டு பிட் சில்லுதான். 32 கிலோபைட் நிரல் இடம், 2 கிலோபைட் ராம். வைஃபை கிடையாது. கிடையாது என்பதுதான் அதன் தகுதி.

ஏன் என்று சொல்கிறேன். ஊரில் கரண்ட் போகிறது, திரும்ப வருகிறது. ரவுட்டர் கண் விழித்து இணையத்தைப் பிடிக்க ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும். சில சமயம் அன்று முழுக்க இணையமே வராது. ஈஎஸ்பி சில்லுகளுக்குப் பாடம் நடத்தும் பக்கங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்கும்: வைஃபை கிடைக்கும்வரை ஒரு வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இரு, கிடைத்த பிறகு அடுத்த வேலை. அதை அப்படியே வெட்டி ஒட்டினால், ரவுட்டர் செத்துக் கிடக்கும் நாளில் சில்லு மிதவை சுவிட்சைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தொட்டி நிரம்பி மொட்டை மாடி வழிந்துகொண்டிருக்கும், அது வைஃபையைத் தேடிக்கொண்டிருக்கும். வாட்ச்டாக் காப்பாற்றாதா என்றால், அந்த வட்டத்துக்குள் ஒரு 'டிலே' இருப்பதால் வாட்ச்டாகும் எல்லாம் நலம் என்று சும்மா இருந்துவிடும்.

இது சில்லின் குற்றமில்லை, எழுதுபவனின் குற்றம் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரவுட்டர் மாறினால்? அப்பா வேறு இணைப்புக்கு மாறுகிறார், புதுப் பெட்டி வருகிறது, பெயரும் பாஸ்வேர்டும் மாறிவிட்டன. சில்லுக்குப் பழைய பாஸ்வேர்டுதான் தெரியும். அதை மாற்ற லேப்டாப்போடு யார் போவது? எழுபது வயதுக்காரரிடம் போனில், "அப்பா, செட்டிங்ஸ்ல போய் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்கை எடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பதிலுக்கு அவர் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பட்டனப்பா அமுக்கணும்?" நியாயமான கேள்வி. அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிகிற மாதிரி நம் டிசைன் இருக்க வேண்டாமா?

சொந்தமாகச் செய்யாமல் கம்பெனி சரக்காக வாங்கினால் பிழைத்தோம் என்றும் இல்லை. அமெரிக்காவில் ரெவால்வ் என்ற வீட்டு ஆட்டோமேஷன் பெட்டியை நெஸ்ட் கம்பெனி 2014-இல் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை மூடியது. பெட்டிகள் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டன. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோயின. அங்கே அணைந்தது பெரும்பாலும் விளக்கு. நமக்கு அது தண்ணீர்.

ராஸ்பெர்ரி பை போடலாமே என்று ஒரு கோஷ்டி எப்போதும் வரும். சாமி, அது மைக்ரோகன்ட்ரோலரே இல்லை, லினக்ஸ் ஓடும் முழுக் கணினி. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. பேரில் பாதி ஒன்றாக இருக்கும் 'பிக்கோ' வேறு, 2021-இல் வந்தது, அது நிஜமான மைக்ரோகன்ட்ரோலர். நல்ல சில்லு. ஆனால் 3.3 வோல்ட் ஆசாமி.

இந்த 3.3 வோல்ட் சமாச்சாரத்தை லேசாக எடுக்காதீர்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழே பேனல் வரை இருபது, முப்பது அடிக்கு ஒயர் வருகிறது. பக்கத்திலேயே மோட்டார் கேபிள். ஐந்து வோல்ட்டில் ஓடும் சில்லு இந்த இரைச்சலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதற்காக மிதவை ஒயரை நேராகச் சில்லின் காலில் கட்டிவிடாதீர்கள். 12 வோல்ட்டில் ஓடவிட்டு, நடுவில் ஒரு ஆப்டோகப்ளர் போடுங்கள். இன்னொன்று, ரீசெட் ஆகும் கணத்தில் கால்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது. நாம் காலேஜில் உருப்போட்ட 8051-இல் (இன்டெல், 1980) எல்லாப் போர்ட்டும் ரீசெட்டில் 'ஒன்று' ஆகிவிடும். ஈஎஸ்பி 8266-இல் சில கால்கள் விழிக்கும்போது தாமாகத் துள்ளும், ரிலே டிக் டிக் என்று அடிக்கும். ஏடிமெகாவில் எல்லாக் கால்களும் உள்வாங்கும் நிலையில் அமைதியாக இருக்கும். ஒரு ரெசிஸ்டரால் தரையோடு இழுத்துக் கட்டிவிட்டால் ரிலே அசையாது. மின்னழுத்தம் இறங்கினால் தன்னைத்தானே ரீசெட்டில் பிடித்துவைக்கும் பிரவுன்-அவுட் வசதியும் இருக்கிறது. அதை 4.3 வோல்ட்டில் வையுங்கள்.

"அப்ப புனேயிலேர்ந்து நான் எப்படி மோட்டார் போடுறது?" என்று கேட்கிறீர்கள். போடாதீர்கள்! மோட்டாரை மேலே இழுத்துப் போட்டு ஒருவர் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம். பேனலைத் திறந்து அப்பாவே ஏதோ தட்டிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் ஆபீஸ் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே நீங்கள் போனில் ஒரு பொத்தானைத் தொடுவீர்கள். எத்தனை கோர் இருந்தாலும், போர்வெல் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எந்தச் சில்லும் உங்களுக்குச் சொல்லாது.

நான் சொல்லும் ஏற்பாட்டில் ஓட்டுவது மனிதர், நிறுத்துவதுதான் சில்லு. கான்டாக்டர் வைத்த பேனலாக இருக்கட்டும். பச்சைப் பட்டனை அமுக்கினால் கான்டாக்டர் பிடித்துக்கொள்ளும், கரண்ட் போனால் விட்டுவிடும், திரும்பி வந்தாலும் தானாக ஓடாது. அந்தக் காயிலோடு தொடராக நம் ரிலே. மோட்டாரின் முழுக் கரண்ட்டும் ரிலே வழியாகப் போகாததால், அந்த நீலக்கலர் ரிலே ஒட்டிக்கொள்ளும் கதையும் கிடையாது. தொட்டி நிரம்பினால், குறித்த நேரம் தாண்டினால், தண்ணீர் இல்லாமல் ஓடி ஆம்பியர் இறங்கினால், சில்லு வெட்டிவிடும். சில்லே செத்துப்போனால் மோட்டார் ஓடாது. அதற்கு 'ஆட்டோ - மேனுவல்' என்று ஒரு திருகு சுவிட்ச். அம்மா மேனுவலுக்குத் திருப்பி, பழையபடி தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். (தொட்டி நிரம்பினால் நிற்க வேண்டும், அது மட்டும் போதும் என்றால் சில்லே வேண்டாம். ஒரு மிதவை சுவிட்சும் கான்டாக்டரும் போதும். இதைச் சொன்னால் நம்ம ஆட்களுக்கு முகம் வாடிவிடுகிறது :-))

நிலவரம் தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பவர்கள், பக்கத்தில் தனியாக ஒரு ஈஎஸ்பி 32 வைத்துக்கொள்ளுங்கள். ஏடிமெகா அனுப்புவதை ஆப்டோகப்ளர் வழியாகக் கேட்டு உங்களுக்குச் சொல்லட்டும். வேண்டுமானால் 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை மட்டும் கொடுங்கள். அது செத்தாலும், ரவுட்டர் மாறினாலும், மோட்டாருக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று, இதைத்தான் எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் போடுவதில்லை. ஏடிமெகா 328பி இன்றும் 28 கால் சில்லாக, சாக்கெட்டில் குத்தும் வடிவத்தில் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரமே போதும், கிரிஸ்டல் வேண்டாம். ஒரே நிரலை மூன்று சில்லில் ஏற்றுங்கள். ஒன்று சாக்கெட்டில், இன்னொன்று பேனல் கதவின் உள்பக்கம் ஒரு சின்ன டப்பாவில், மூன்றாவது உங்களிடம், தேவைப்பட்டால் கூரியரில் போகும். பேனல் கதவிலேயே ஒயரிங் படத்தைத் தமிழில் வரைந்து ஒட்டுங்கள். உள்ளூர் எலக்ட்ரீஷியனுக்கு ஆர்டுயினோ தெரிய வேண்டியதில்லை. மெயினை அணைத்துவிட்டு, சில்லின் தலையில் இருக்கும் அரைவட்டக் குழிவு சாக்கெட்டில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தால் போதும். அந்தப் பக்கம் சிவப்பு பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.