படத்தில் இருப்பவளுக்கும் ஒரு பெயர் உண்டு

தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் கூடையோடு சிரிக்கும் பெண்ணை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவள் யார், எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று எந்தப் பெட்டியும் சொல்வதில்லை. மலையகத்தைப் பற்றிய இந்தக் குறையை மலையகத்துப் பெண்களாகிய நாமே தீர்க்கலாம். அதற்கு நல்லதொரு வழி, விக்கிமீடியா ஆர்வலர்கள் நடத்தும் ஒளிப்படப் போட்டிகள். ஆனால் அதில் இறங்குமுன் நமக்கு நாமே ஒரு நிபந்தனை விதித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

விக்கிப்பீடியாவை அறியாத மாணவி இல்லை. அதை இயக்கும் மீடியாவிக்கி ஒரு கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அதே கொள்கையோடு படங்களைச் சேமிக்க 2004இல் விக்கிமீடியா பொதுவகம் தொடங்கியது. நினைவுச்சின்னங்களுக்கான ஒளிப்படப் போட்டி 2010இல் நெதர்லாந்தில் ஆரம்பித்து, அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பரவி, 1,68,000க்கும் மேற்பட்ட படங்களோடு கின்னஸ் சாதனையானது. தமிழ் விக்கிமீடியர்களும் 2011 நவம்பர் முதல் 2012 பெப்ரவரி வரை தமிழர் வாழ்வு சார்ந்த ஓர் ஊடகப் போட்டியை நடத்தினார்கள்.

இத்தகைய போட்டிகளில் நாம் சேர வேண்டும். வெளியிலிருந்து வருபவர் பச்சை மலையையும் நீர்வீழ்ச்சியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், பிள்ளைக்காம்பரா, லயத்து இஸ்தோப்பு, தண்ணீர்ப் பீலி ஆகியவற்றை அவர் எடுத்தாலும் அவற்றின் பெயர் அவருக்குத் தெரியாது. பொதுவகத்தில் விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். அந்தச் சொற்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. எழுதிச் சேர்க்க வேண்டியவர்களும் நாம்தான்.

இனி நிபந்தனைக்கு வருகிறேன். பொதுவகத்தில் ஏற்றும் படத்துக்குக் கட்டற்ற உரிமம் கொடுக்க வேண்டும். எடுத்தவர் பெயரைக் குறிப்பிடுவது போன்ற விதிகளைப் பின்பற்றி எவரும் அதை வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. மலைக்கும் கட்டடத்துக்கும் இதனால் நட்டமில்லை. ஆனால் முகம்? உரிமம் படம் எடுத்தவரின் உரிமையைப் பற்றியது. படத்தில் நிற்பவர் சம்மதித்தாரா என்பதை அது தீர்ப்பதில்லை.

இது பழைய கதைதான். உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே இறந்து, நம் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினும் டெனிசனும் பெயரோடு நிற்கிறார்கள். இங்கே அவர் எடுத்த ஏழை மக்களோ பெரும்பாலும் பெயரின்றியே நிற்கிறார்கள். அவருடைய கலையைக் குறை சொல்லவில்லை. நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகு, கையடக்கத் தொலைபேசியோடு போகும் நாமும் அதையே செய்யலாமா என்றுதான் கேட்கிறேன்.

“பொது இடத்தில்தானே எடுக்கிறோம், இதிலென்ன பிழை?” என்று சில தோழியர் கேட்பார்கள். நம் படம் ஒன்று முகநூலில் யாருக்கும் தெரியாமல் போய்விட்டால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று அவர்கள் யோசிக்கட்டும். நம் முகம் எங்கே போய்ச் சேருமோ என்ற கவலை நமக்கு இருப்பதுபோலவே, மழையில் நனைந்து கொழுந்தெடுக்கும் அந்த அக்காவுக்கும் இருக்கும். வேலை நேரத்தில் கேள்வி கேட்க அவருக்கு அவகாசம் இல்லை என்பதால் அவர் சம்மதித்தார் என்று ஆகிவிடாது. பிறர் முகம் நம் கையில் இருக்கும் அமானிதம்.

ஆகவே அடுத்த போட்டிக்கு நம் கல்லூரியிலிருந்து படம் அனுப்புவோர் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலில் கேட்போம், படம் உலகமெங்கும் போகும், விற்பனைப் பொருளிலும் வரலாம் என்பதைச் சொல்லியே கேட்போம். எடுத்த படத்தை அவருக்குக் காட்டுவோம். அவர் விரும்பினால் பெயரையும் தோட்டத்தையும் தமிழில் எழுதுவோம். வேண்டாம் என்றால் கூடையையும் மடுவத்தையும் பீலியையும் எடுத்துக்கொண்டு, முகத்தை அவரிடமே விட்டுவிட்டு வருவோம். பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.