வழி பல, விடை ஒன்று!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்

ஆறாம் வகுப்பில் ஒரு கணக்கு. முழம் 25 ரூபாய் வீதம் 18 முழம் பூவின் விலை என்ன? என் தாய் பூக்கட்டி விற்பவர். பள்ளி வாசலை மிதிக்காதவர். அவர் சொல்லக் கேட்டுப் பழகிய முறையிலேயே நான் எழுதினேன்: 20 முழத்திற்கு 500, அதில் 2 முழத்திற்குரிய 50 போக, 450. ஆசிரியர் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார். “விடை சரி, வழி தவறு” என்றார்.

விடை சரியாக இருக்கும்போது வழி எப்படித் தவறாகும்? அன்று கேட்க எனக்கு நாவெழவில்லை. ஆனால், கணினி அறிவியலின் அடித்தளத்தில் ஒரு துறையே இதையொத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதைக் கல்லூரிக்கு வந்த பின் அறிந்து வியந்தேன்.

ஒரு கோவையின் ஏதேனும் ஒரு பகுதியை விதிப்படி வேறொன்றாக மாற்றி எழுதுகிறோம். இனி மாற்ற ஒன்றுமில்லை என்ற நிலை வந்தால் அதுவே விடை. இதுதான் மாற்றியெழுதல் முறை. (2+3)×(4+1) என்பதில் எந்த அடைப்பை முதலில் சுருக்கினாலும் 25 தான் வரும். எல்லா விதித் தொகுப்புகளிலும் இப்படியே நடக்குமா? கணக்கு என்றேனும் முடியுமா? இத்துறையின் தலையாய கேள்விகள் இவையே.

இதற்கும் ஒரு படி மேலே உயர்படி மாற்றியெழுதல் இருக்கிறது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். நாம் நாள்தோறும் செய்யும் வகையிடலே அதற்கு எடுத்துக்காட்டு. இரு சார்புகளின் கூட்டலை வகையிட்டால் அவற்றின் வகைக்கெழுக்களின் கூட்டல் கிடைக்கும் என்கிறது விதி. எந்தச் சார்புகள்? விதி அதைச் சொல்வதில்லை. அங்குள்ள எழுத்து ஓர் எண்ணுக்காக அன்று, ஒரு சார்புக்காகவே இடம் பிடித்து வைத்திருக்கிறது.

இந்தப் பாதையில் ஒரு பள்ளமும் உண்டு. க×ச என்பதை, க-வைப் பொறுத்து 0 முதல் 1 வரை தொகையிட்டால் ச-வில் பாதி கிடைக்கும். இப்போது ச இருக்குமிடத்தில், வெளியே வேறு பொருளில் வழங்கும் ஒரு க-வை இடுவோம். அந்தக் க-வில் பாதி என்று விடை வரவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இட்டாலோ, உள்ளே க×க ஆகி, மூன்றில் ஒன்று என்று வந்துவிடும்! ஒரே வகுப்பில் இரண்டு முருகன்கள் இருந்தால் முன்னெழுத்தால் வேறுபடுத்துகிறோம் அல்லவா? அதுபோல, உள்ளே இருக்கும் க-வுக்கு முதலில் வேறு பெயர் சூட்டிவிட வேண்டும்.

சார்புகளையே பொருளாகக் கொண்டு கணிக்கும் இத்தகைய முறைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அலோன்சோ சர்ச். அவர் 1932-ல் ஒரு தருக்க முறையை வெளியிட்டார். 1935-ல் அது தனக்குத்தானே முரண்படுகிறது என்று காட்டியவர்கள் யார் தெரியுமா? அவருடைய மாணவர்களான கிளீனியும் ராசரும்! ஆசிரியர் அந்த முறையிலிருந்து முரணற்ற பகுதியைப் பிரித்தெடுத்தார்; அதுவே இன்று லாம்டா கால்குலஸ் எனப்படுகிறது. மறு ஆண்டே, 1936-ல், பிழையைக் காட்டிய அதே ராசருடன் சேர்ந்து ஒரு தேற்றத்தை நிறுவினார். லாம்டா கால்குலஸில் எந்த வரிசையில் சுருக்கினாலும், இறுதி விடை ஒன்றை எட்டினால் அது ஒரே விடையாகத்தான் இருக்கும் என்பதே சர்ச்–ராசர் தேற்றம்.

நெதர்லாந்தின் யான் வில்லெம் கிளாப் 1980-ல் தம் ஆய்வேட்டில், இந்தப் பண்பை உயர்படி விதித் தொகுப்புகளுக்கு விரித்தார். விதிகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமலும், ஒரு விதியின் இடப்பக்கத்தில் ஒரே மாறி இருமுறை வராமலும் இருந்தால், வழி மாறினாலும் விடை மாறாது என்று காட்டினார்.

ஆசிரியர் பக்கமும் நியாயம் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையற்றவன் ஆவேன். “இரண்டில் முதலாவதை வைத்துக்கொள், மற்றதை விட்டுவிடு” என்று ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். இரண்டாவது முடிவேயில்லாத கணக்கானால், அதை முதலில் சுருக்கப் புகுந்தவன் கரையேறவே மாட்டான். வழிகள் இரண்டு வெவ்வேறு விடை தரா. ஆனால் ஒரு வழி ஊர் போய்ச் சேராமலே இருக்கலாம். ஆகவே நல்ல வழியைக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை. அதைத் தவிர மற்றதெல்லாம் தவறு என்பதுதான் ஏற்கத்தக்கதன்று.

நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். சந்தையிலும் களத்துமேட்டிலும் கற்ற கணக்கோடு வகுப்புக்குள் வந்தவர்கள். அந்தச் சிவப்புக் கோடு ஒரு வழியை மட்டும் அடிப்பதில்லை. “எனக்குக் கணக்கு வராது” என்ற எண்ணத்தையும் எழுதிவிடுகிறது. அப்படி ஒதுங்கிப்போன தோழர்களை நான் அறிவேன்.

வேறு வழியில் செல்லும் உரிமை கேட்பவனுக்கு ஒரு கடமையும் உண்டு: ஒவ்வொரு படியும் எந்த விதியால் வந்தது என்று காட்ட வேண்டும். அன்று நான் அதைக் காட்டவில்லை. ஆசிரியர் கோடு போடுவதற்கு முன் “ஏன்?” என்று ஒரு சொல் கேட்டிருந்தால், 18 என்பது 20-லிருந்து 2 போனது என்று சொல்லியிருப்பேன். பங்கீட்டு விதியை அன்றே கற்றிருப்பேன். என் தாய் அதை அறிந்தவர் என்பதையும் அன்றே உணர்ந்திருப்பேன்.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. விரிவுரையாளர்கள் விடைத்தாளில் நூலின் வரிசையைத் தேடாமல், விதி பிறழ்ந்திருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் இட வேண்டும். நம் கணித மன்றம் வாரம் ஒரு மணி நேரம் இத்தகைய கேள்விகளுக்கு ஒதுக்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சர்ச்சும் ராசரும் தேற்றம் கண்டபோது இன்றைய கணினியே பிறக்கவில்லை. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் நம்மிடம் இருக்கின்றன, “ஏன்?” என்று கேட்கும் துணிவும் இருந்தால் போதும்!