நெய்வேலியில் "பார்க்க ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு

நெய்வேலிக்கு ரெண்டு நாள் வேலையாக வருகிறவர்களில் பல ரகம் உண்டு. கணக்குப் பார்க்க வருகிற ஆடிட்டர், டெண்டர் பேச வருகிற வெண்டர், பாய்லர் கம்பெனி எஞ்சினியர், ட்ரெயினிங் எடுக்க வருகிற சாஃப்ட்வேர் ஆசாமி. ரகம் பலவானாலும் ரூட் ஒன்றுதான். விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்குவார்கள். வாசலில் கார் நிற்கும். ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி, நேரே கெஸ்ட் ஹவுஸ். அங்கிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து கெஸ்ட் ஹவுஸ், மறுபடி ஜங்ஷன். ஊருக்குப் போனதும் யாராவது கேட்டால் ஒரே பதில்: "ஒண்ணுமே இல்லப்பா, ஒரே மரமும் தூசியும்தான்!"

இந்தப் பதிலைத்தான் ஒரு பிடி பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அவர்கள் இறங்குகிற விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய பெயர் திருமுதுகுன்றம். "காசியை விட வீசம் அதிகம்" என்று ஊர்க்காரர்கள் பெருமையடித்துக்கொள்ளும் தலம். மணிமுத்தாற்றங்கரையில் இருக்கிற விருத்தகிரீஸ்வரர் கோயிலைக் கல்லால் எடுத்துக் கட்டியவர் பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசி செம்பியன் மாதேவி. சுந்தரர் பொன்னை ஆற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாகச் சொல்லும் கதையில் வருகிற ஆறு இந்த மணிமுத்தாறுதான். ஜங்ஷனிலிருந்து ஆட்டோ பிடித்தால் போய்விடுகிற தூரம். ரயிலை விட்டு இறங்கி, அந்தக் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காரேறிவிட்டு, "பார்க்க ஒண்ணுமில்லை" என்றால் எப்படி?

சரி, மற்ற ஊர்களைப் பார்ப்போம்.

நெய்வேலியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வடலூர். 1867 மே மாதம் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. வருகிறவர் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். பக்கத்திலேயே 1872-இல் வழிபாடு தொடங்கிய சத்திய ஞான சபை.

இன்னொரு பக்கம் கடலூர். அங்கே 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியர்களிடமிருந்து ஒரு கோட்டையை விலைக்கு வாங்கியது. ஒப்பந்தத்தில் ஒரு விசித்திர ஷரத்து. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம்! அப்படிக் குண்டு விழுந்து பறிபோன கிராமங்களின் நினைவாக "குண்டு" என்கிற சொல் அங்கே ஊர்ப்பெயர்களிலும் சாலைப்பெயரிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, 1752 வரை கம்பெனியின் தலைமையிடமே இந்தச் செயின்ட் டேவிட் கோட்டைதான். டெண்டர் ஷரத்துகளை வரி வரியாகப் படிக்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடமாயிற்றே!

தெற்கே கும்பகோணம் ரோட்டில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போனால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் உண்டாக்கிய தலைநகரம். 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோயில். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட இந்தக் கோயிலின் கற்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். கொஞ்சம் விலகினால் வீராணம் ஏரி. சென்னையிலிருந்து வருகிற ஆசாமி தன் வீட்டுக் குழாயில் 2004 முதல் இந்த ஏரித் தண்ணீரும் வருகிறது என்பதாவது தெரிந்துகொண்டு போகலாம். சிதம்பரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான்.

இதுதான் "ஒண்ணுமில்லாத" ஊரின் சுற்றுவட்டாரம்.

இதற்கு அவர்கள் வழக்கமாகச் சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாக்கு 1: "நேரமே இல்லை."

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆபீஸ் முடிகிறது. அதன்பிறகு கெஸ்ட் ஹவுஸ் கட்டிலில் சாய்ந்து சேனல் மாற்றுவதும் மொபைலைத் தடவுவதும்தான் நடக்கிறது. கோயில்கள் பொதுவாக மத்தியானம் நடைசாத்திவிட்டுச் சாயங்காலம் திறந்து இரவு வரை இருப்பவை. பகலெல்லாம் ஆபீஸில் மாட்டிக்கொள்கிறவருக்கு இதைவிட வசதியான நேரம் யார் தருவார்கள்? முதல் நாள் சாயங்காலம் வடலூர். ரெண்டாம் நாள் வேலை முடிந்ததும் பெட்டியோடு கிளம்பி விருத்தாசலம் கோயில், அப்படியே ராத்திரி ரயில். கூடுதலாக ஒரு நாள் லீவு போட வேண்டாம். வெள்ளிக்கிழமை வேலை முடிகிறவர் சனிக்கிழமை ஒரு நாள் தங்கினால் சோழபுரமும் சிதம்பரமும் கையில்.

சாக்கு 2: "கம்பெனி காசில் ஊர் சுற்றலாமா?"

நியாயமான கேள்வி மாதிரித் தெரியும், ஆனால் கணக்கு உதைக்கிறது. பி.காம். பாடம்தான் இது. ரயில் டிக்கெட், ரூம் வாடகை எல்லாம் ஏற்கெனவே ஆகிவிட்ட செலவு. வடலூர் போனாலும் போகாவிட்டாலும் அது மாறப்போவதில்லை. மேற்கொண்டு ஆகிற இறுதிநிலைச் செலவு ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு ஆட்டோவும். அதைச் சொந்தப் பையிலிருந்து கொடுத்தால் எந்த ஆடிட்டரும் கேள்வி கேட்க முடியாது. இதே இடங்களைப் பார்க்கச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு தனியாக வந்தால் என்ன ஆகும் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

சாக்கு 3: "போக்குவரத்து வசதி இல்லை."

இதில் பாதி உண்மை இருக்கிறது. நெய்வேலி வழியாகப் போகிற கடலூர்-விருத்தாசலம் ரயில் பாதையில் வண்டிகள் குறைவு. ஆனால் பஸ் இருக்கிறது. டவுன்ஷிப் பஸ் ஸ்டாண்டிலிருந்தும், மெயின் ரோட்டில் ஆர்ச் கேட்டிலிருந்தும், மந்தாரக்குப்பத்திலிருந்தும் ஏறலாம். பிரச்சினை, எந்த பஸ் எப்போது என்பது கண்டக்டருக்கும் டீக்கடைக்காரருக்கும் மட்டுமே தெரிந்த தேவ ரகசியமாக இருப்பதுதான். வெளியூர்க்காரர் யாரைக் கேட்பார்? டிரைவரைக் கேட்பார். டிரைவர் முழுநாள் வாடகை சொல்வார். வந்தவர் வாயை மூடிக்கொண்டு படுத்துவிடுவார்.

இங்கேதான் உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். வருகிற விருந்தாளி "இங்க பார்க்க என்ன சார் இருக்கு?" என்று கேட்டால், நம்மாட்களே "மைன்ஸு, பவர் ஹவுஸு, அவ்ளோதான் சார்" என்கிறார்கள். அந்த ரெண்டுக்குள்ளும் நினைத்தவுடன் நுழைய முடியாது என்பது வேறு விஷயம்! 1956-இல் கம்பெனி வந்த பிறகு உண்டான டவுன்ஷிப்தான், ஒத்துக்கொள்ளலாம். அதற்காக அதைச் சுற்றியிருக்கிற மண்ணும் 1956-இல் பிறந்ததாகிவிடுமா? தங்குமிடத்து வரவேற்பறையில் பஸ் நேரம், நடை திறக்கும் நேரம், தூரம் மூன்றையும் எழுதி ஒரே ஒரு தாள் ஒட்டினால் போதும். இதற்குச் சுற்றுலாத் துறை அமைச்சர் ரிப்பன் வெட்ட வேண்டியதில்லை. ஒரு ஜெராக்ஸ் காசுதான் செலவு.

"பார்க்காவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது.

அதே விருத்தகிரீஸ்வரர் கோயிலில் இருந்த கல் அர்த்தநாரீஸ்வரர் சிலை களவு போய், கடல் தாண்டி, 2004-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. ஊரில் பெரிய சத்தம் எதுவும் எழவில்லை. யாரோ ஒரு காலத்தில் வந்து பார்த்து எடுத்த படங்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தன. அவற்றைக் கலைக்கூடத்துச் சிலையோடு ஒப்பிட்ட பிறகுதான் 2013-இல் குட்டு உடைந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து திருப்பிக் கொடுத்தார். இப்படிப்பட்ட சிலைகளைத் தேடிப் பிடித்ததில் முன்னால் நின்ற எஸ். விஜயகுமார் தொல்லியல் துறை அதிகாரி இல்லை. சிங்கப்பூரில் ஒரு கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே பிளாக் எழுதியவர். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன் கோயிலைக் கண்ணைத் திறந்து பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆள் வந்து பார்க்கிற இடத்தில் கை வைக்கத் திருடன் யோசிப்பான்.

இன்னொன்றும் உண்டு. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய் வேலைக்காக விளைந்து நின்ற நெல்வயலில் எந்திரங்கள் இறங்கின. அந்தப் படங்களைப் பார்த்து நாடே கொதித்தது. நிலத்துக்கு எவ்வளவு, பயிருக்கு எவ்வளவு, எந்த எந்திரம், எந்தத் தேதி என்பதெல்லாம் மீட்டிங் ரூம்களில் பேசப்படுகிற விஷயங்கள். அந்த மீட்டிங்குகளுக்கு வருகிறவர்கள் கார் கண்ணாடியை இறக்கி அந்த ரோட்டில் ஒரு முறையாவது போயிருக்கிறார்களா? வயலைப் பார்க்காதவருக்கு அது வரைபடத்தில் ஒரு சர்வே எண். நடந்து போனவருக்கு அங்கே யாரோ நட்ட நாற்று தெரியும். ஊர் பார்ப்பதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கொஞ்சம் ஊரைப் பார்த்த ஆள் போடுகிற கையெழுத்து கொஞ்சம் தயங்கியே விழும்.

ஆகவே ரெண்டு நாள் வேலையாக வருகிற மகாஜனங்களே, அடுத்த முறை மீட்டிங் முடிந்ததும் டிரைவரை அனுப்பிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடங்கள். சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள், கண்டக்டர் கோபித்துக்கொள்வார் :-) பார்த்துவிட்டு வந்து "பிடிக்கவில்லை" என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. பார்க்காமலே "ஒண்ணுமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள்.